கடலடி முத்தும் கன்மநெறியும்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் அன்பர்களே,

சமயபாட வேளையிலே பிள்ளைகள் கேட்கும் வினாக்களுட் சில, நம் நாவில் ஆயத்தமாயிருக்கும் விடையினாலே தீர்ந்துவிட்டனபோலத் தோன்றித் தீராது நிற்கும். அத்தகைய வினாவொன்றுக்கு யாம் சின்னாட்களுக்கு முன் தவறான விடை கூறினோம். தவறு எம்முடையதே. ஆயினும் அவ்விடையை நம்மிற் பலர் நாடோறும் கூறிவருகின்றோமாதலின், அதனை மறையாது இங்கே எழுதத் துணிந்தோம். வினா எழுந்தது ஒரு பெட்டி முத்தைப் பற்றிய பேச்சிலே.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியிலே புளோரிடா என்னும் மாகாணம் உளது. அதன் முனைக்கப்பால் தொடராகக் கிடக்கும் சிறு தீவுகளுள் ஒன்று கீ வெஸ்ற். அதற்கு மேற்கே ஏறக்குறைய 40 மைல் தூரத்திலே, 2007 ஆம் ஆண்டிலே, கடலின் அடிமணலைத் துழாவிய சுழியோடிகள் ஈயத்தாற் செய்த சிறு பெட்டியொன்றைக் கண்டெடுத்தனர். கையிலே பிடிக்கத்தக்க அப்பெட்டியினுள்ளே ஆயிரக்கணக்கான முத்துக்கள் இருந்தன. 1622 ஆம் ஆண்டிலே அப்பக்கத்தில் உடைந்துபோன சாந்தா மார்கரீத்தா என்னும் ஸ்பானியக் கப்பலின் பொருள் அது. முத்தென்பது பெரும்பாலும் சுண்ணாம்பின் வகை, காடியிலிட்டாற் கரையும். அத்துணை மெல்லிய பொருள் 385 ஆண்டுகள் உப்புநீரின் கீழே கிடந்தும் அழியாதிருந்தது, ஈயப்பெட்டியின் உதவியினாலே. மார்கரீத்தா என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியிலே முத்தென்பதே பொருள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்கப்பல் தனியே சென்றதன்று. 1622 செப்டெம்பர் 4 ஆந் திகதி கியூபாத்தீவின் ஹவானாத் துறையினின்றும் 28 கப்பல்கள் ஸ்பானியாவை நோக்கிப் பாய்விரித்தன. புறப்படவேண்டிய காலம் கடந்து, புயற்காலம் தொடங்கிவிட்டது. ஆயினும் அரசனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலே 1618 இல் மூண்ட பெரும்போருக்கு வெள்ளியும் பொன்னும் வேண்டியிருந்தன. புறப்பட்டு இரண்டு நாளைக்குள்ளே சூறாவளி எழுந்தது. சாந்தா மார்கரீத்தாவும், அதனோடு சென்ற அத்தோச்சா என்னும் பெருங்கப்பலும், வேறு சிலவும் தாழ்ந்தன. அத்தோச்சாவிலிருந்த 265 பேருள் உயிர்தப்பினோர் ஐவரே. அவ்வைவருள் இருவர் அடிமைகள்.

அப்பொருளுக்குரிய அரசன் நான்காம் பிலிப்பு. அப்பொழுது அவனுக்குப் பதினேழு வயது. அவன் நமக்கு முற்றும் அந்நியனல்லன். 1580 முதல் 1640 வரை ஸ்பானியாவும் போர்த்துக்கலும் ஒரே முடியின்கீழ் இருந்தன. யாழ்ப்பாணத்தரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது 1619 இல்; நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது 1621 இல். நல்லூரிற் கல் பெயர்ந்த மறுவருடத்திலே புளோரிடாக் கடலிலே கப்பல் உடைந்தது. இரண்டுக்கும் மேலேயிருந்த முடி ஒன்று. இதனைக் கேட்ட மாணாக்கர் உடனே, கோயிலிடித்த பாவத்தினாலே கப்பல் தாழ்ந்தது என்று மகிழ்ந்தனர். யாமும் அவ்விடத்தே சற்று மகிழ்ந்தோம் என்பதை ஒளித்தல் ஆகாது. கப்பலோடு தாழ்ந்தோர் அரசனல்லர், கூலிமாலுமிகளும் பிரயாணிகளும் அடிமைகளுமே என்பதை அப்பொழுது யாம் எண்ணினோமில்லை. வழுக்கியது அவ்விடத்திலேதான்.

இனி முத்தினிடம் வருவோம். ஸ்பானியர்க்கு முத்துத் தந்த கரைகளுள்ளே பேர்பெற்றது தென்னமெரிக்காவின் வெனிசுவேலாக் கரை. மார்கரீத்தா என்னும் தீவும் குபாகுவா என்னும் தீவும் அங்கே உள. குபாகுவா குடிநீரற்ற வறுந்தீவு. தண்ணீரும் தரையினின்றே தோணியில் வரவேண்டும். அத்தகைய தீவிலே முத்தின் பொருட்டே ஒரு நகரம் எழுந்து 1528 இல் நகரப் பட்டமும் பெற்றது. குளிப்பதற்கு ஆள் வேண்டி, பகாமாத் தீவுகளிலே வாழ்ந்த லுக்காயர் என்னும் நீச்சல்வல்ல சனங்களைப் பிடித்துவந்து விற்றனர். சில பத்தாண்டுகளுள்ளே அத்தீவுகள் ஆளற்றுப்போயின. பார்களும் சிப்பியற்றுப்போயின, நகரமும் ஒரு தலைமுறை தாண்டாது பாழாயிற்று. பின்னர் அக்கடலிலே குளித்தோர் ஆபிரிக்காவினின்று கொணர்ந்த அடிமைகள்.

அச்சுழியோடிகள் பட்ட பாட்டை எழுதிவைத்தவர் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் கத்தோலிக்கத் துறவி. 1552 இல் அச்சான அவர் நூல் கூறும் செய்தி இது: மூன்று நான்கு ஐந்து பாக நீரிலே காலைமுதல் மாலைவரை குளித்தல்வேண்டும், மேலே வந்து இளைப்பாறத் தாமதித்தால், தோணியிலிருக்கும் கங்காணி அடித்து மீளவும் நீருள் அமிழ்த்துவான், உணவு கொஞ்சம், இரவிலே ஓடிப்போகாவண்ணம் காலைத் தொழுவில் மாட்டித் தரையிற் கிடத்துவர், குளிரினாலும் மூச்சடக்கத்தினாலும் வாயாலே இரத்தங் கக்கிச் சாவர், கருமயிர் நிறம்மாறும், முதுகிலே உப்புப் பூக்கும். சுறாவும் உண்டு. தம்மவர் செய்த கொடுமையைத் தம்மவர்க்கே எடுத்துரைத்த அத்துறவியை யாம் வணங்குகின்றோம். அவரும் ஒருகால் இடறினார். இந்நாட்டாரை விடுவித்தற்பொருட்டு ஆபிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என்று முன்னே சொல்லியிருந்தார். அது பிழையென உணர்ந்து பின்னாளிலே மிக வருந்தி எழுதினார். பிழையை எழுதிவைத்த அத்துணிவே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று எனினும் பொருந்தும்.

இடையே உபாத்தியாயர்க்கு ஒரு சொல். சிப்பி வாய்திறந்து மழைத்துளியை ஏற்க அது முத்தாம் என்று நம் பழைய நூல்களிலே வரும். அதனை உவமையாகச் சொல்லுக, விஞ்ஞானமாகச் சொல்லற்க. சிப்பியின் மென்தோலினுள்ளே புழுமுதலியன புகுந்து ஊறு செய்யுமிடத்து, அத்தோலின் கூறு உள்ளே சென்று பையாகி, தன்னுள்ளே ஓட்டின் ஒளிப்பொருளைப் படலம் படலமாகச் சுரக்கும், அது முத்து. 1902 இல் நம் மன்னார்க்கடலின் பார்களை ஆராயவந்த ஹேர்ட்மன் என்னும் பிரித்தானிய விஞ்ஞானியும் புழுவையே காரணமாகக் கருதினார். உண்மை கூறுவதால் திருஞானசம்பந்த சுவாமிகள் பெற்ற முத்துச்சிவிகையின் ஒளி குறைந்துவிடமாட்டாது.

மன்னாரிலே அடிமைகள் குளித்தனர் எனல் பொருந்தாது. ஆங்கிலேயர் காலத்துப் பெருங்குளிப்பாகிய 1905 ஆம் ஆண்டிலே எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் மூன்றிலொரு பங்கு குளித்தவர்க்கு உரியதாயிருந்தது. கல்லிலே காலூன்றிக் கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரு நிமிஷமளவில் மேலேறிய அவர்கட்கு மேலே நின்று கயிறு பிடித்தவனே உயிர்த்துணை. இவ்வளவும் வகுப்பிலே சொல்லி, ஸ்பானியக் கரையின் துன்பத்தையும் சொல்லி முடித்தோம். அப்பொழுது பின்வாங்கிலிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து, "ஐயா, அந்தச் சுழியோடிகள் எல்லாரும் முற்பிறப்பிலே பாவஞ் செய்தவர்களோ?" என்று கேட்டான்.

யாம், "ஆம், அவரவர் வினை அவரவர்க்கு" என்றோம். மணியும் அடித்தது. பிள்ளை ஒன்றும் பேசாது இருந்துவிட்டான்.

அப்பிள்ளை அதிபத்த நாயனார் அவதரித்த மரபினன். அவனுடைய தந்தையார் கடலட்டை குளிப்பவர். காற்றடைத்த உருளையை முதுகிற் கட்டிக்கொண்டு ஆழக்கடலிலே நெடுநேரம் தங்கி, ஒரே நாளிலே பன்முறை இறங்கி, விரைந்து மேலேறுவோர்க்கு, இரத்தத்திலே கரைந்த வாயு குமிழியாகி நரம்பைத் தாக்கும். அவர்க்கு இரு கால்களும் உணர்விழந்து மாதங்கள் சில ஆயின. இஃதெல்லாம் அன்று மாலை வேறோர் உபாத்தியாயர் சொல்ல அறிந்தோம். பிள்ளை ஸ்பானியக் கடலைப்பற்றிக் கேட்கவில்லை. தன் வீட்டுத் திண்ணையைப்பற்றிக் கேட்டான். அதற்கு யாம், உன் தந்தை பாவி என்று முப்பது பிள்ளைகள் முன்னிலையிலே விடை கூறிவிட்டோம்.

யாம் கல்விகற்றது மிஷன் பாடசாலையிலே. அங்கே ஓர் ஆசிரியர், கன்மக்கொள்கை மனிதனுடைய நெஞ்சைக் கல்லாக்கும் என்று அடிக்கடி கூறுவர். யாம் சினந்து, வீட்டிற்குப்போய் நூல்களைப் புரட்டி மறுப்புத் தேடுவோம். சைவத்திலே எமக்கு உறைப்பு வந்தது அச்சினத்தினாலே எனலுமாம். நாற்பது வருடங்கழித்து, அவர் சொன்னதற்குச் சாட்சியாக எம் வாயே நின்றது. அன்றிரவு அந்நூல்களையே மீளவும் எடுத்தோம்.

வினை உண்டென்பதில் ஐயமில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் பகுப்பை நாம் நாலாம் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். ஆயின் வினை சடம் என்பதைப் பிள்ளைகட்கு அத்துணை அழுத்திக் கற்பிப்பதில்லை. சடமாகிய வினை தன்னைச் செய்தவனைத் தானே தேடிச்சென்று பற்றாது. அதனை அறிந்து, அளந்து, உரிய காலத்திலே உயிருக்கு ஊட்டுபவன் சர்வஞ்ஞனாகிய சிவபெருமான் ஒருவனே. அவன் ஒறுப்பதும் அருளே என்று சிவஞானசித்தியார் தாய்தந்தையர் பிள்ளையை ஒறுத்தலோடு ஒப்பிட்டு விளக்கும். இங்கே கவனிக்கவேண்டியது யாது? ஒறுக்கும் அதிகாரம் அன்பின் வழிப்பட்டது; பிறர் வினையை முற்றக் காண்பவனுக்கே உரியது. தோணியிலே பிரம்போடு நின்ற கங்காணிக்கு அன்பும் இல்லை, காட்சியும் இல்லை. முத்தாசை ஒன்றே உண்டு. இறைவனுக்குரிய பதவியைத் தான் ஏறியமர்ந்த அவன் செயலுக்கு ஆணவம் என்பதே பெயர். வகுப்பிலே நின்றுகொண்டு இன்னார் பாவி என்று தீர்ப்புச் சொன்ன எம் செயலும் அதனோடு ஒட்டியதே. எவருடைய சஞ்சிதத்தை யாம் கண்டோம்?

அற்றேல், துன்புற்றவன் தன் பிராரத்தத்தையன்றே நுகர்ந்தான், துன்புறுத்தினவன் அதற்குக் கருவியாயினானன்றே எனின், கூறுதும். நீதிபதி ஒருவனுக்கு மரணதண்டனை விதித்திருக்கின்றார். அவனை வழிப்போக்கன் ஒருவன் தன் பகையினாலே தெருவில் வெட்டினால், எப்படியும் சாகவேண்டியவனே என்று நியாயாதிக்கம் அவனை விட்டுவிடுமோ? கொலையே கொலைதான். அவ்வாறே கங்காணியின் ஒவ்வோர் அடியும் அவனுக்குப் புதியதோர் ஆகாமியம். அடியுண்டவனுடைய பழவினையைக் காட்டி அதனினின்று அவன் தப்பமாட்டான்.

இதற்கு நம் அடியார் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. திருநாவுக்கரசு நாயனார் தமக்கு வந்த சூலைநோயைத் தாம் செய்த பிழையின் பயனென்றே கொண்டார். அவரையே பின்பு பல்லவராசன் ஏவலாளர் கல்லோடு கட்டிக் கடலிலே தள்ளினர். சுழியோடி கல்லைப் பிடிப்பது இறங்குதற்கு. சுவாமிகளைக் கல்லிற் பிணித்தது ஏறாதிருத்தற்கு. கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தது. சுவாமிகள் தம் துன்பத்துக்குத் தம்மையே நொந்துகொண்ட அடக்கத்தினாலே, அரசன் செய்தது சரியாயிற்று என்று சொல்லத் துணிந்த சைவர் எவரேனும் உளரோ? அரசனும் தன் பிழையுணர்ந்தே சைவனானான். ஆகவே ஒருவன் தனக்கு வந்த துன்பத்தை என் வினை என்று தாங்குவது பக்குவம். மற்றொருவனுடைய துன்பத்தை அவன் வினை என்று கைவிடுவது வேறு. சொல் ஒன்றே. வாய் மாறும்பொழுது பொருளும் மாறுகின்றது. எந்த வாய்க்கு உரியது என்பதைக் கற்பியாமல் கன்மத்தைக் கற்பித்தல், அளவு சொல்லாமல் மருந்து கொடுத்தல்போலும்.

இன்னும் ஒன்று. 1877 இலே யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் பேதியும் வருத்தியபொழுது, நம் நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். கன்மநூலை அவர்களினும் நன்குணர்ந்தார் யார்? பசித்தவன் தன் வினையை நுகர்கின்றான், கஞ்சி வார்த்தால் வினைக்கு இடையூறாம் என்று அவர்கள் சும்மாவிருந்தார்களில்லை. கஞ்சி வார்ப்பதும் ஒருவருக்கு வாய்த்த வினையே, வாராதிருப்பதும் வினையே. நாம் எதனைச் செய்கின்றோம் என்பதொன்றே நம் கையில் உள்ளது.

அம்முத்துக்களின் கதையிலே இன்னொரு பகுதியும் உண்டு; அதனை முதன்முறை வகுப்பிற் சொல்லாது விட்டோம். கப்பல்கள் தாழ்ந்தபின் அவற்றின் பொருளைத் தேடும் வேலையை மெலியான் என்னும் ஹவானாவாசி ஏற்றுக்கொண்டான். உள்ளேயிருந்து கீழே பார்க்கத்தக்க பெருமணி போன்றதொரு கருவியைச் செம்பிலே வார்ப்பித்தான். உடைந்த கப்பலை முதலிற் காணும் அடிமைக்கு விடுதலை தருவேன் என்றும் சொன்னான். 1626 இலே ஓர் அடிமைச் சுழியோடி சாந்தா மார்கரீத்தாவைக் கண்டு விடுதலை பெற்றான். அவன் கண்டது வெள்ளிக்கட்டிகளை. சிறிய ஈயப்பெட்டி மணலுக்குள் இருந்துவிட்டது. அரசன் ஐந்திலொரு பங்கு கேட்ட முத்து. பிற்காலத்திலே இக்கப்பல்தொகுதியின் புதையல் யாருக்குரியது என்று புளோரிடா மாகாணத்துக்கும் கண்டெடுத்தோர்க்கும் வழக்கு நடந்து, 1982 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம்வரை சென்றது. அவ்வழக்கிலே முதன்முதற் குளித்தெடுத்தவனுடைய பங்கைக் கேட்க ஒருவருமில்லை. அவனுக்கு வாரிசும் இல்லை, பெயரும் இல்லை. லுக்காயர் மொழியிலே முத்துக்கு என்ன சொல் என்று சொல்லவும் இன்று ஒருவரும் இல்லை.

அடுத்த சமயபாட வேளையிலே, யாம் முன்னே சொன்ன விடை பிழை என்று அதே வகுப்பிலே எழுந்து நின்று சொன்னோம். மேலே எழுதியவற்றுட் பிள்ளைகட்கு ஏற்ற அளவைச் சொன்னோம். மேசைக்கு முன்னே நின்று பிழையொப்புதல் எளிதன்று. ஐம்பது வயதின்மேல் இன்னும் எளிதன்று. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எண்ணினோம். சிரித்தாரில்லை. அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவே.

வெள்ளிக்கிழமை மாலை அவனோடு கூடவே அவன் வீட்டுக்குப் போயினோம். தந்தையார் திண்ணையிற் பாயிலே சாய்ந்திருந்தார். உருளைக்கும் இயந்திரத்துக்கும் வாங்கிய கடன், அவர் எழுந்து நடந்தாலும் நடவாவிட்டாலும், முதலாளியின் கொப்பியிலே நின்றபடியே நிற்கின்றதாம். பெரியாசுப்பத்திரியிலே காலுக்குப் பயிற்சி கொடுக்கின்றார்கள். கிழமைதோறும் கொண்டுபோக வாகனந்தான் இல்லை. அதற்கு நம் சங்கத்து அன்பர் சிலர் ஒழுங்கு செய்துள்ளனர். மகன் முத்துப்பெட்டியின் கதையைத் தந்தையாருக்கு முன்னமே சொல்லியிருந்தான். அவர் எம்மை இருக்கச்சொல்லி, வேறொன்றும் பேசாது, தொழிலறிந்தவர் கேட்கும் முறையிலே, "அந்தச் சனங்கள் எத்தனை பாகத்திலே குளித்தவர்கள் ஐயா?" என்று கேட்டார்.

மூன்று, நான்கு, ஐந்து பாகம் என்றோம்.

அவர் சிறிதுநேரம் கணக்குப் பார்ப்பவர்போலக் கடற்பக்கம் நோக்கிக்கொண்டிருந்தார். பின்பு, "ஐந்து பாகம் ஆளைக் கொல்லாது ஐயா. மேலே வந்து மூச்செடுக்க விட்டிருந்தால் ஒருவரும் செத்திருக்கமாட்டார்கள்" என்றார்.